பல்லுக்கு கிளிப்: நல்ல பல்லை ஏன் எடுக்கிறார்கள், இரண்டு வருடம் எதற்கு, கழற்றிய பின் என்ன?

மொட்டைமாடி:

13 வயதுப் பெண்ணுக்கு கிளிப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மேலும் கீழும் முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. மேல் கோரைப்பற்கள் இரண்டும் தெற்றிக்கொண்டு நிற்கின்றன. எக்ஸ்ரே, அளவு எல்லாம் எடுத்தாகிவிட்டது. மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு பல்லை எடுக்க வேண்டும், மொத்தம் 20 முதல் 24 மாதம் ஆகும் என்கிறார்கள்.

சொத்தையே இல்லாத பல்லை எடுக்கத்தான் வேண்டுமா? கொஞ்சம் இறுக்கமாக முடுக்கினால் ஒரு வருடத்தில் முடியாதா? வீட்டில் என்னென்ன பிரச்சினை வரும், எதற்கு உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம்? விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நல்லது. "எல்லாம் சரியாகிவிடும்" வகைப் பதில் வேண்டாம்.

கம்பிவளைப்பு:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரிந்தால் மற்றதில் பாதி தானாகப் புரிந்துவிடும்.

கம்பி தள்ளிவிடுகிற வேலையை மட்டும்தான் செய்கிறது. வழிவிட வேண்டியது எலும்பு. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மி.மீ. அகலத்தில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக விடாமல் லேசாகத் தள்ளினால், சவ்வு நசுங்கும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வந்து சேரும். எதிர்ப்பக்கத்தில் நார்கள் இழுபட, அங்கே புது எலும்பு படியும். பல் வேரோடு இடம் மாறுவது இப்படித்தான்.

இதற்குத் தேவையான விசை மிகக் குறைவு. பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு நேராக நகர்த்த 70 முதல் 120 கிராம், ஈறுக்குள் அழுத்தி ஏற்ற 10 முதல் 20 கிராம் போதும். கூட்டினால் வேகம் வராது. அந்தச் சவ்வில் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கி அடைபட்டு, அந்த இடத்துத் திசு செத்துவிடும். ரத்தம் இல்லாத இடத்துக்குக் கரைக்கும் செல்கள் வர முடியாது. உடம்பு பின்பக்கமாகச் சுற்றிவந்துதான் எலும்பை அரிக்க வேண்டும். அதுவரை சில வாரங்கள் பல் அசையாமல் நிற்கும், வலி மட்டும் மிஞ்சும். போதாக்குறைக்கு, வேர் நுனி கரைவதற்கும் அதிக விசை ஒரு காரணம். கரைந்த வேர் திரும்ப வளராது. ஆகவே "இறுக்கமாக முடுக்குங்கள்" என்று மருத்துவரைக் கேட்காதீர்கள். கேட்டதும் ஒருவர் முடுக்கிவிட்டால் அவரிடம் போகாதீர்கள்.

வேகத்தின் கணக்கு: இடைவெளி மூடும்போது மாதத்துக்கு சுமார் 1 மி.மீ. பல் எடுத்த இடம் ஏறத்தாழ 7 மி.மீ. நெருக்கத்தைப் பிரிக்கும்போதே அதில் கொஞ்சம் செலவாகிவிடும். மீதியை மூட ஐந்தாறு மாதம், அதற்கு முன் வரிசைப்படுத்த ஐந்தாறு மாதம், கடைசியில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்திக் கடிக்கச் செய்ய இன்னொரு ஐந்தாறு மாதம். நடுவே பிராக்கெட் (பல்லில் ஒட்டும் சின்னக் கட்டை, கம்பி மாட்டுவது அதில்தான்) விழுந்தது, தேதி தவறியது என்று சேர்த்தால் 20 முதல் 24 மாதம் என்பது நியாயமான கணக்குதான்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆறாவது மாதம் முன்பற்கள் கண்ணாடியில் நேராகத் தெரியும். "அதான் நேராயிடுச்சே, கழற்றிவிடலாம்" என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரிகிற பகுதிதான் அப்போது நேராகியிருக்கும், வேர் இன்னும் சாய்ந்தே கிடக்கும். காரணம் கம்பியில் இருக்கிறது. பிராக்கெட்டின் நடுவில் உள்ள பள்ளம் 0.018 அல்லது 0.022 அங்குலம். முதலில் போடுவது 0.012 அல்லது 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் வயர்: உருண்டையானது, எப்படி வளைத்தாலும் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்பும் முயற்சிதான் பல்லை இழுக்கிறது. ஆனால் பள்ளத்துக்குள் அது ஆடிக்கொண்டிருப்பதால் வேரைத் திருப்ப அதனால் முடியாது. பிறகு படிப்படியாகத் தடித்து, கடைசியில் செவ்வக வடிவ ஸ்டீல் வயர் வரும். 0.022 பள்ளத்துக்கு வழக்கமாக 0.019 × 0.025. பள்ளத்தை ஏறக்குறைய நிறைக்கும் அந்த வயர்தான் வேரைத் திருப்பி நிமிர்த்தும். மெல்லிய வயரிலேயே இடைவெளியை மூடினால் பக்கத்துப் பற்கள் பல் எடுத்த இடத்துக்குள் சாய்ந்து விழும். மேலே மூடியதுபோல் இருக்கும், எக்ஸ்ரேயில் வேர்கள் விரிந்து நிற்கும்.

அதிர்வு தரும் கருவிகள், வயரைப் பிடித்துவைக்க ரப்பர் வளையம் வேண்டாத தானே மூடும் பிராக்கெட்டுகள் எல்லாம் "பாதி நேரத்தில் முடியும்" என்று விற்கப்படுகின்றன. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அப்படியொன்றும் காலம் குறையவில்லை. தானே மூடும் பிராக்கெட்டில் வயர் மாற்ற நாற்காலியில் உட்காரும் நேரம் சில நிமிடம் மிச்சம், அவ்வளவுதான்.

இடக்கணக்கு:

பல் எடுப்பது பற்றி. இது அபிப்பிராயத்தை விடக் கணக்கைச் சேர்ந்த விஷயம். ஒவ்வொரு பல்லின் அகலத்தையும் கூட்டி, தாடை வளைவில் இருக்கும் இடத்திலிருந்து கழித்தால் எத்தனை மி.மீ. பற்றாக்குறை என்று வரும். 4 மி.மீ. வரை என்றால் பெரும்பாலும் எடுக்க வேண்டாம். 5 முதல் 9 வரை இரண்டும் கெட்டான். முகவாட்டம், உதடு, ஈறு எல்லாம் பார்த்து முடிவெடுப்பார்கள். 10 மி.மீ. அல்லது மேலே போனால் எடுக்காமல் ஒப்பேற்றுவது கஷ்டம்.

எடுக்காமல் இடம் உண்டாக்க ஒரு வழி, பற்களின் பக்கவாட்டு எனாமலை மெல்லிய பட்டையால் தேய்ப்பது. ஒரு பரப்பில் 0.25, இரண்டு பல் தொடும் இடத்தில் 0.5 மி.மீ. கீழ் முன்பற்கள் ஆறுக்கு நடுவே ஐந்து தொடுமிடம், ஆக 2.5 மி.மீ. கிடைக்கும். 3 மி.மீ. நெருக்கத்துக்கு அருமையான வழி. 10 மி.மீ.க்கு இது எந்த மூலைக்கு?

பொதுவாக எடுப்பது கோரைப்பல்லுக்கு அடுத்துள்ள முதல் முன்கடைவாய்ப்பல். 7 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் எடுத்தால் ஒரு தாடைக்கு 14 மி.மீ. நெருக்கம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் திறக்கிறது, அதே வடிவில் இன்னொரு முன்கடைவாய்ப்பல் பின்னால் இருக்கிறது, சிரித்தால் வித்தியாசம் தெரியாது. இந்த மூன்று காரணத்துக்காகத்தான் அந்தப் பல்.

எடுக்காமல் விரித்து அடுக்கினால்? பற்கள் முன்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். முன்பற்களின் வெளிப்பக்க எலும்பு மிக மெல்லியது. வேர் அதைத் தாண்டி வெளியே போனால் ஈறு இறங்கும், உதடு மூடச் சிரமப்படும், கழற்றியதும் பழைய இடத்துக்கு நழுவும். எதிர்த்தரப்பும் இருக்கிறது: நெருக்கம் குறைவாக உள்ளவருக்குத் தேவையில்லாமல் எடுத்து முன்பற்களை அதிகம் உள்ளே இழுத்தால் உதடு உள்வாங்கித் தெரியும். அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது "எடுக்கணுமா" என்பதைவிட இவை: பற்றாக்குறை எத்தனை மி.மீ.? எடுத்த இடத்தில் எவ்வளவு நெருக்கத்துக்குச் செலவாகும், எவ்வளவுக்கு முன்பல் உள்ளே போகும்? வேர்களின் நீளம் எப்படி? எலும்புக்குள் மாட்டிக்கொண்ட பல் உண்டா? மண்டையோட்டுப் பக்கவாட்டு எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு அவர் இதற்குப் பதில் சொல்ல முடிய வேண்டும்.

இன்னொன்று. முன்பற்களைப் பின்னால் இழுக்கும்போது கடைவாய்ப்பற்களும் முன்னால் இழுபடும். விசைக்கு இரண்டு முனை உண்டே. பின்பற்கள் நகரவே கூடாது என்றால் எலும்பில் ஒரு சின்ன ஸ்க்ரூ போடுவார்கள்: 1.2 முதல் 2 மி.மீ. தடிமன், 6 முதல் 10 மி.மீ. நீளம். பெயர் கேட்டால்தான் பயம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் ஊசியில் சில நிமிட வேலை, முடிந்ததும் திருகிக் கழற்றிவிடுவார்கள். ஏறத்தாழ பத்தில் ஒன்று நடுவில் தளர்ந்துபோகும். தளர்ந்தால் வேறிடத்தில் போடுவார்கள்.

மொட்டைமாடி:

கணக்கு புரிந்தது, நன்றி. மேலே 9, கீழே 8 மி.மீ. என்று எழுதியிருக்கிறார்கள், உதடும் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது. பெண் கம்பியே வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத அலைனர்தான் (கழற்றி மாட்டும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டு) வேண்டும் என்கிறாள். முடியாவிட்டால் பல் நிற பிராக்கெட்டாம். இவள் கேஸுக்கு ஒத்துவருமா?

படிப்படி:

நேரடியாகச் சொன்னால், நான்கு பல் எடுக்கும் கேஸில், அதுவும் 13 வயதில், ஒட்டும் கிளிப்பே நம்பகமானது.

அலைனரின் ஒவ்வொரு தட்டும் ஒரு பல்லைச் சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும்படி வடிவமைத்தது. ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு. தினமும் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பாடு, பல் தேய்ப்பு தவிர வேறு சாக்கு கிடையாது. 15 மணி நேரம் போட்டால் முக்கால் பலன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். பல் பின்தங்கும், அடுத்த தட்டு உட்காராது, அதற்கடுத்தது சுத்தமாக உட்காராது. முன்பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே வெற்றிடம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. அப்போது அடுத்த தட்டுக்குத் தாவாமல் அதே தட்டையோ முந்தையதையோ போட்டுக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அலைனர் தடுமாறும் வேலைகள்: கோரைப்பல், முன்கடைவாய்ப்பல் போன்ற உருண்டைப் பற்களைச் சுழற்றுவது (பிளாஸ்டிக் பிடி கிடைக்காமல் வழுக்கும்), ஒரு பல்லை ஈறிலிருந்து கீழிறக்குவது, எடுத்த இடத்தைச் சாயாமல் மூடுவது. பிடிப்புக்காகப் பல்லில் பல் நிறச் சின்ன மேடுகளை ஒட்டுவார்கள், அப்படியும் ஓரளவுதான். லேசான நெருக்கத்துக்கும் சின்ன இடைவெளிகளுக்கும் அலைனர் நன்றாக வேலை செய்யும், சுத்தம் செய்வதும் சுலபம்.

பல் நிற பிராக்கெட், அதாவது செராமிக், ஒத்துவரும். பிராக்கெட் கறைபடாது, அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்தான் மஞ்சளடிக்கும். அடுத்த முறை போகும்போது மாற்றிவிடுவார்கள். உலோகத்தை விடக் கொஞ்சம் பெரிது, எளிதில் உடையும். எனாமலை விடக் கடினமானது என்பதால், மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடிக் கடிப்பவருக்குக் கீழே செராமிக் போட்டால் மேல்பல்லின் நுனியை அறுத்துவிடும். மேலே செராமிக், கீழே உலோகம் என்பது நல்ல சமரசம். சிரிக்கும்போது கீழ்ப்பல் அதிகம் தெரிவதில்லை.

ஈறுகாவல்:

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஆரம்பத்தில் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையம் வைத்தால் பயப்பட வேண்டாம். கடைவாய்ப்பல்லைச் சுற்றி உலோகப் பட்டை மாட்ட இடம் பண்ணுகிறார்கள். ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் கடிக்கவே சங்கடமாக இருக்கும். கிளிப்பை விட இதுதான் தொல்லை என்பவர்களும் உண்டு.

ஒட்டும் நாளில் கவனிக்க வேண்டியது எச்சில். பல்லைத் தேய்த்துச் சுத்தம் செய்து, 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி உலர்த்துவார்கள். உலர்ந்ததும் அந்த இடம் சுண்ணாம்பு போல மங்கலான வெள்ளையாகத் தெரியும். அதன்மேல் ஒரு துளி எச்சில் பட்டாலும் பசை பிடிக்காது, திரும்ப முதலிலிருந்து. ஒட்டிய சில நாளிலேயே காரணமில்லாமல் பிராக்கெட் விழுந்தால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மாதங்கள் கழித்து விழுந்தால் ஐஸ், பேனா முனை, கொட்டை என்று எதையோ கடித்திருக்கிறார்கள்.

வலி சில மணி நேரத்தில் ஆரம்பித்து மறுநாள் உச்சத்துக்குப் போய் ஒரு வாரத்தில் அடங்கும். பாராசிட்டமால் போதும், அளவு எடைக்கு ஏற்ப. இபுபுரூஃபன் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுவது நல்லதல்ல. எலும்பு கரைவதைத் தூண்டும் பொருளையே அவை குறைப்பதால் பல் நகர்வு மந்தமாகலாம். பல் லேசாக ஆடுவது எதிர்பார்த்ததுதான்.

உதட்டை உரசும் பிராக்கெட்டுக்கு மெழுகு. முதலில் அந்த இடத்தை டிஷ்யூவால் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தில் மெழுகு ஒட்டாது, பிறகு "மெழுகு நிக்கவே மாட்டேங்குது" என்பார்கள். மிளகளவு உருட்டி அழுத்தினால் போதும்.

கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி நீண்டு கன்னத்தைக் குத்தினால் பென்சில் அழிப்பானைக் கழுவி, அதன் முனையால் கம்பியைப் பல்லோடு சேர்த்து மடக்கலாம், அல்லது மெழுகு வைக்கலாம். பற்கள் நெருங்க நெருங்க மிச்சக் கம்பி பின்னால் வழியும், அதனால்தான் குத்துகிறது. பிராக்கெட் கழன்று கம்பியிலேயே தொங்கினால் பிடுங்கி எறியாதீர்கள். அப்படியே விட்டு, அன்றோ மறுநாளோ போன் செய்து நேரம் வாங்குங்கள். அது உயிர்போகும் அவசரமில்லை, ஆனால் அடுத்த தேதிவரை விட்டால் அந்த ஒரு பல் திரும்பிப்போய் ஒன்றிரண்டு மாதத்தைத் தின்றுவிடும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானே வெளியேறும். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே மருத்துவமனை.

உண்மையான எதிரி வெள்ளைத் தழும்பு. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள மெல்லிய பட்டையில் கிருமிப் படலம் தங்கினால் நான்கே வாரத்தில் எனாமல் சுண்ணாம்பு நிறமாக மாற ஆரம்பிக்கும். கிளிப்பைக் கழற்றும்போது பல் நேராக இருக்கும், ஒவ்வொன்றிலும் சதுரமாக ஒரு வெள்ளைச் சட்டம் தெரியும். அது முழுதாக மறையாது. பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து முதலில் பிராக்கெட்டுக்கு ஈறுப் பக்கம், பிறகு மறுபக்கம், கடைசியில் கம்பிக்கு அடியில் சின்ன ஊசிப் பிரஷ். பேஸ்டில் ஃப்ளூரைடு 1450 பி.பி.எம். அளவு இருக்கட்டும். 0.05 சதவீத சோடியம் ஃப்ளூரைடு மவுத்வாஷ் தினம் ஒரு முறை, பல் தேய்க்காத வேறொரு நேரத்தில். தேய்த்த உடனே கொப்பளித்தால் பேஸ்டின் ஃப்ளூரைடும் போய்விடும். ஈறு வீங்கி பிராக்கெட்டைத் தொடுகிறது என்றால் தேய்ப்பது போதவில்லை என்று அர்த்தம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டால் இன்னும் மோசமாகும்.

மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் மாட்டும் ரப்பர் சில மாதம் கழித்து வரும். அதற்குள் அவளைத் தயார் செய்யுங்கள், பாதி சிகிச்சை அவள் கையில்தான். கால் அங்குலம், 3.5 அவுன்ஸ் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது அதை மூன்று மடங்கு இழுக்கும்போது வரும் விசை, சுமார் 100 கிராம். ரப்பர் வாயில் தளர்ந்துவிடும் என்பதால் குறைந்தது தினம் ஒரு முறை புதிது. இரவில் மட்டும் போட்டால் இரவில் நகர்ந்தது பகலில் திரும்பும்: வலி உண்டு, முன்னேற்றம் இல்லை. நேற்று விட்டதற்கு இன்று இரண்டாகப் போடுவதும் கூடாது. கம்பிவளைப்பு மேலே சொன்ன அதே அதிக விசைக் கதைதான்.

குறுக்குவழி:

முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து மட்டும் இருந்தால் சின்ன ரப்பர் வளையத்தை இரண்டு பல்லையும் சுற்றிப் போட்டாலே சேர்ந்துவிடுமாமே? வீடியோவில் காட்டுகிறார்கள்.

இடக்கணக்கு:

தயவுசெய்து செய்யாதீர்கள், யாருக்கும் சொல்லாதீர்கள். பல் கடிக்கும் நுனியில் அகலம், வேர் நுனியை நோக்கிக் கூம்பும். பிராக்கெட் என்று ஒரு தடுப்பு இல்லாத ரப்பர் குறுகிய பக்கம்தான் வழுக்கும். ஈறுக்குள் நுழைந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. "ராத்திரி எங்கேயோ கழன்று விழுந்துடுச்சு" என்று இன்னொன்று போடுவார்கள். உள்ளே போனது வேரைச் சுற்றி நார்ச்சவ்வையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே மேலே ஏறும். சில வாரங்களில் பல் ஆடும், நீண்டு இறங்கியதுபோல் தெரியும். சாதாரண லேடெக்ஸ் ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் கண்டுபிடிக்கவும் தாமதமாகும். ஆரோக்கியமான இரண்டு முன்பற்களும் போன கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. யாராவது ஏற்கனவே போட்டு, ரப்பர் காணாமல் போயிருந்தால் அன்றைக்கே பல் மருத்துவரிடம் போய், ரப்பர் போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கம்பிவளைப்பு:

கழற்றிய பின் என்ன என்பது பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. விசாரிக்கும்போதே ரிட்டெய்னர் (பல் திரும்பாமல் பிடித்துவைக்கும் தட்டு அல்லது கம்பி) செலவும் எத்தனை வருடக் கண்காணிப்பு என்பதும் சேர்த்துக் கேளுங்கள். அது தனிச் சங்கதி இல்லை, இதே சிகிச்சையின் பின்பாதி.

புது இடத்துக்கு வந்த பல்லைச் சுற்றிய நார்கள் உடனே பழகாது. வேரைப் பிடித்திருக்கும் சவ்வு சீராக 3 முதல் 4 மாதம், ஈறின் கொலாஜன் நார்கள் 4 முதல் 6 மாதம், பல் கழுத்தைச் சுற்றியுள்ள மீள்நார்களுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சுழன்றிருந்த பற்கள்தான் திரும்பப் பார்ப்பதில் முதல் ஆள், காரணம் இந்த மீள்நார்கள். கோரைப்பல் மோசமாகச் சுழன்றிருந்தால் கழற்றுவதற்கு முன் ஈறின் மேல்பகுதி நார்களைச் சின்னதாக வெட்டிவிடும் சிகிச்சையும் உண்டு.

பொதுவான முறை: முதல் சில மாதம் சாப்பாட்டு நேரம் தவிர எப்போதும், பிறகு இரவில் மட்டும், நிறுத்தும் தேதி கிடையாது. கீழ் முன்பற்கள் வயதோடு நெருங்குவது கிளிப்பே போடாதவர்களுக்கும் நடப்பதுதான். ஞானப்பல் தள்ளுகிறது என்று அதன்மேல் பழியைப் போட்டு, அதற்காகவே எடுக்கத் தேவையில்லை.

கழற்றி மாட்டும் ஒளிபுகும் தட்டு என்றால் வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். டிஷ்யூவில் சுற்றி மேசைமேல் வைத்தால் குப்பைக்குத்தான் போகும். சில நாள் விட்டுப் போட்டபோது இறுக்கமாக இருந்தாலும் முழுதாக உட்கார்ந்தால், மறுபடி முழுநேரம் போட்டுப் பிடித்துவிடலாம். உட்காரவே இல்லை என்றால் அழுத்தித் திணிக்காமல் அந்த வாரமே காட்டுங்கள்.

பல்லின் பின்பக்கம் ஒட்டும் நிரந்தரக் கம்பி மறதிக்காரர்களுக்கு நல்லது. ஆனால் ஒரு பல்லில் மட்டும் பசை விட்டால் சத்தமே இல்லாமல் அந்தப் பல் தனியாக நகரும், கம்பி இருக்கிறதே என்று யாரும் பார்க்க மாட்டார்கள். மாதம் ஒரு முறை ஒவ்வொரு பல்லின் பின்னாலும் விரல் நகத்தால் கம்பியை நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் அசைந்தாலும் போன் செய்ய வேண்டும். கழற்றும் நாளில் எடுக்கும் ஸ்கேன் ஃபைலின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிட்டெய்னர் தொலைந்தால், பல் நகர்வதற்குள் அதை வைத்தே புதிது செய்துவிடலாம்.